குழந்தையின் கரப்பானும் எண்ணெய்க் களிம்பும்: சோதித்துப் பார்த்துப் பூசுவோம்

(குடும்ப நலத் துண்டு வெளியீட்டு வரிசை. தம்பதியர் கூட்டத்தில் மாவட்ட சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

இன்று தோலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "குடும்ப நலக் கூட்டத்திலே தோலைப் பத்தி என்னங்க பேச்சு?" என்று பின்னால் ஒரு அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

கைக்குழந்தைக்குக் கரப்பான் வந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் குழந்தை சொறிகிறது, அழுகிறது. தாய் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய தகப்பனுக்குக் கோபம் வருகிறது. "நீ கத்திரிக்காய் தின்னே, கருவாடு தின்னே, அதான் பிள்ளைக்கு வந்துருச்சு" என்கிறார். மாமியாரும் அதற்கு ஒத்துப் பாடுகிறார். அன்று முதல் பால் கொடுக்கிற தாய்க்கு மீன் கிடையாது, முட்டை கிடையாது; ரசமும் சோறும்தான். மூன்று மாதத்தில் தாய்க்கு இரத்தசோகை. குழந்தையின் கரப்பானோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது குடும்ப நலம் இல்லாமல் வேறு என்ன?

இப்படிப்பட்ட சமயத்தில்தான் கடைத்தெருவில் ஒரு டப்பா கைக்கு வருகிறது. "முழுக்க முழுக்க மூலிகை எண்ணெயில் செய்த களிம்பு. மூன்றே நாளில் குணம்" என்கிறார்கள். நம்பலாமா, நம்பக் கூடாதா? எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் இன்றைய பேச்சு.

நான் செய்த தவறு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்தில் இளம் தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய பத்து மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். வாரச் சந்தையில் யாரோ விற்ற மூலிகைக் களிம்பை வாங்கி வைத்திருந்தார்கள். "இதைப் போடலாமாம்மா?" என்று அந்தப் பெண் என்னிடம் காட்டிக் கேட்டாள். டப்பாவில் பெயர் இருந்தது, இலைப் படம் இருந்தது, வேறொன்றும் இல்லை. நான் மோந்து பார்த்துவிட்டு, "மூலிகைதானே, போடு தாயி, கெடுதல் இல்லே" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாளில் கரப்பான் மறைந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது, மறுபடி பூசினார்கள். இப்படியே நான்கு மாதம். அடுத்த முறை நான் போனபோது குழந்தையின் முகம் உப்பிப் போயிருந்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே சின்னச் சின்னச் சிவப்பு நரம்பு தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தோல் மருத்துவர் பார்த்தவுடன், "இதில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறார்கள். மூலிகை மட்டும் இருந்தால் இப்படி ஆகாது. யார் போடச் சொன்னது?" என்று கேட்டார். அந்தத் தாய் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான், "நான் சொன்னேன் டாக்டர்" என்றேன்.

பல மாதம் பார்த்துப் பார்த்து மருந்தைக் குறைத்துக் குழந்தையைத் தேற்றினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு நான் ஒரு பாடம் படித்தேன். மோந்து பார்ப்பது சோதனை ஆகாது. மூன்று நாளில் ஆறியதும் சோதனை ஆகாது.

அழற்சி என்றால் என்ன?

தோலில் ஏதாவது உறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு இரத்தத்தை அதிகமாக அனுப்பும். அதனால் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது அல்லது அரிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இது உடம்பின் காவல் வேலை. ஆனால் காவல்காரன் திருடன் போன பிறகும் விசில் ஊதிக்கொண்டே இருந்தால் ஊர் தூங்க முடியுமா? கரப்பானில் நடப்பது அதுதான்.

நம் மேல்தோலைச் செங்கல் சுவர் போல நினைத்துக்கொள்ளுங்கள். தோல் அணுக்கள் செங்கல். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்தான் சாந்து. கரப்பான் வரும் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சாந்து கொஞ்சம் பலவீனம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகிறது. வெளியே இருக்கிற சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே போகின்றன. ஆகவே அம்மா கத்திரிக்காய் தின்றதால்தான் வந்தது என்று பழி சொல்வது பெரும்பாலும் வீண் பழி. மருத்துவர் பார்த்து, இன்ன உணவு ஆகவில்லை என்று கண்டு சொன்னால் ஒழிய, பால் கொடுக்கிற தாய் எதையும் நிறுத்தக் கூடாது.

எண்ணெய் பூசும்போது சுவரின் இடுக்கு அடைபடுகிறது, ஈரம் தங்குகிறது. இது எல்லா எண்ணெய்க்கும் ஓரளவு பொது. அதற்கு மேல் அழற்சியையே தணிக்கிறதா என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். சில எண்ணெய் சாந்தையே கரைத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் சோதனை வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

முதல் படியில் எலிகளிடம் பார்ப்பது வழக்கம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். பாதம் வீங்கும். மருந்து கொடுத்த எலிக்கு எவ்வளவு வீங்கியது, கொடுக்காத எலிக்கு எவ்வளவு வீங்கியது என்று அளந்து பார்ப்பார்கள். 1962-ல் வின்டர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதி வெளியிட்ட முறை இது. இன்னொரு முறையில், சுண்டெலியின் காதில் ஒரு எண்ணெயைத் தடவிக் காதைச் சிவந்து வீங்க வைப்பார்கள். என்ன எண்ணெய் தெரியுமா? நேர்வாள எண்ணெய்! நேர்வாளமும் செடிதான், மூலிகைதான். ஆகவே செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு எண்ணெய் சாதுவாக இருந்துவிடாது. புண்ணாக்குகிற எண்ணெயும் உண்டு, ஆற்றுகிற எண்ணெயும் உண்டு.

எலிக்கு ஆறியது மனிதருக்கு ஆறும் என்று நிச்சயம் இல்லை. ஆகையால் அடுத்து மனிதரிடம் சோதனை. இதற்கு நான்கு விதி உண்டு. நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன்.

முதல் விதி: பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கரப்பான் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். பனிக்காலத்தில் கூடும், பிறகு குறையும். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் நாம் களிம்பு வாங்குகிறோம். அடுத்த வாரம் அது தானாகவே கொஞ்சம் இறங்கினாலும் பெயர் களிம்புக்கு! பூசியவர், பூசாதவர் இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பூசாதவர் என்றால் வெறுமனே விட்டவர் அல்ல. மூலிகைச் சத்து சேர்க்காத அதே அடிக்களிம்பைப் பூசியவர். அப்போதுதான் குணம் மூலிகையால் வந்ததா, வெறும் பிசுக்கால் வந்ததா என்று பிரிக்கலாம்.

இரண்டாவது விதி: யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். மருத்துவரே பொறுக்கிக் கொடுத்தால், தெரியாமலேயே லேசான நோயாளிக்கு நல்ல மருந்தைக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது விதி: டப்பாவில் பெயர் தெரியக் கூடாது. பூசுகிறவருக்கும் தெரியக் கூடாது, பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கும் தெரியக் கூடாது. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டால் எந்தத் தாய் குறைத்துப் போடுவாள்?

நான்காவது விதி: அளவு வேண்டும். "பரவாயில்லை" என்பது அளவு அல்ல. எவ்வளவு சிவப்பு, எவ்வளவு வீக்கம், நீர் கசிகிறதா, சொறிந்த தடம், தோல் தடிப்பு, வறட்சி, அரிப்பு, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். தோலிலிருந்து ஈரம் எவ்வளவு ஆவியாகிறது என்பதைக் கருவி வைத்தும் அளக்கிறார்கள்.

சோதனையில் தெரிந்தவை

நமக்கு நெருக்கமான தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். அதை அதிகம் சோதித்தது தென்னை மண்டிக்கிடக்கும் பிலிப்பைன்ஸ் நாடு. 2004-ல் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாகவே ஈரம் காத்தன. 2008-ல் கரப்பான் வகைத் தோல் அழற்சி உள்ள 52 பெரியவர்களிடம் சுத்தத் தேங்காய் எண்ணெயையும் ஆலிவ் எண்ணெயையும் நான்கு வாரம் பூசச் செய்தார்கள். தோலில் சீழ்க்கிருமி இருந்தவர்களில், தேங்காய் எண்ணெய் பூசிய 20 பேரில் ஒருவருக்குத்தான் அது மிஞ்சியது. ஆலிவ் எண்ணெய் பூசிய 12 பேரில் 6 பேருக்கு மிஞ்சியது.

2014-ல் வெளியான ஆய்வில் 117 குழந்தைகள். எல்லோருக்கும் லேசான அல்லது நடுத்தரக் கரப்பான். பாதிப் பேருக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்குக் கனிம எண்ணெய்; எட்டு வாரம். நோயின் மதிப்பெண் தேங்காய் எண்ணெயில் சராசரி 68 சதவீதம் குறைந்தது. கனிம எண்ணெயில் 38 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள்: தோற்ற எண்ணெயிலும் 38 சதவீதம் இறங்கியிருக்கிறது! ஒப்பிடாமல் பார்த்திருந்தால் அதையும் அற்புத மருந்து என்றே சொல்லியிருப்போம்.

ஆலிவ் எண்ணெய்க்கு ஊரெல்லாம் நல்ல பெயர். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு வேறு விதம். பெரியவர்களின் கையில் ஆலிவ் எண்ணெயை நாளுக்கு இரு வேளை சில வாரம் தடவியபோது தோலின் சாந்து பலவீனப்பட்டு லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிக் கெடுக்கவில்லை. ஆலிவில் ஓலிக் அமிலம் மிகுதி, சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் மிகுதி. முன்னது சாந்தை இளக்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். விலை கூடியது எல்லாம் தோலுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள்.

நிலக்கடலை எண்ணெய் சேர்ந்த களிம்பை வெடித்த தோலில் பூசிய குழந்தைகளுக்குப் பின்னாளில் கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டதாக 2003-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது. புண்ணான தோல் வழியாகவும் உடம்பு பொருளை அறிந்துகொள்கிறது என்பதே இதில் உள்ள எச்சரிக்கை.

நம் சித்த மருத்துவத்திலும் சோதித்துப் பார்த்த எண்ணெய் உண்டு. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஊதா நிறமாகும். காளாஞ்சகப் படை என்னும் செதில் நோய்க்கு இதை 777 எண்ணெய் என்ற பெயரில் சென்னை அரும்பாக்கத்து மத்திய சித்த ஆராய்ச்சி நிலையம் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. பாரம்பரியத்துக்கும் சோதனைக்கும் பகை இல்லை. பாட்டி சொன்னது சரியென்றால் சோதனையில் நிற்கும்.

எண்ணெய்க்கு எல்லையும் உண்டு. பிறந்தது முதல் ஓராண்டு தினமும் மெழுகுக் களிம்பு பூசினால் கரப்பான் வராமல் தடுக்கலாமா என்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் பார்த்தார்கள். தடுக்க முடியவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. வந்த கரப்பானை ஆற்ற எண்ணெயும் களிம்பும் துணை. வராமல் தடுக்கும் காப்பு அல்ல.

மூலிகை டப்பாவில் ஒளிந்திருப்பது

என் கதைக்குத் திரும்புகிறேன். 1999-ல் லண்டனில் மருத்துவர்கள் சீன மூலிகைக் களிம்பு 11 டப்பாக்களை வாங்கிச் சோதித்தார்கள். அதில் 8 டப்பாக்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. மருத்துவர் இந்த இடத்தில், இத்தனை நாள், இந்த அளவு என்று சொல்லிக் கொடுத்தால் அழற்சியை அது போலத் தணிக்கும் மருந்து அரிது. அப்படி எழுதிக் கொடுத்ததைப் பயந்துகொண்டு பூசாமல் விடவும் கூடாது. பெயர் தெரியாமல், அளவு தெரியாமல், மாதக் கணக்கில் முகத்தில் பூசுவதுதான் ஆபத்து. 2018-ல் நம் நாட்டு அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. படர்தாமரைக்கு இந்தக் களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும். ஆனால் காளான் கிருமி உள்ளே செழித்து உடம்பெல்லாம் பரவும்.

ஆகவே எந்த மூலிகைக் களிம்பானாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உரிம எண், சேர்ந்த பொருள்கள், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். இல்லாததை வாங்காதீர்கள். "மூணே நாளில் குணம்" என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனை இது. லேசான வறட்சிக்கும் அரிப்புக்கும் மட்டும்தான். நீர் வடிகிற புண்ணுக்கு அல்ல.

முதலில் ஆகுமா ஆகாதா என்று பாருங்கள். குழந்தையின் நல்ல தோலில், முன்கை உள்பக்கத்தில், பத்து பைசா அளவு இடத்தில் எண்ணெயைத் தடவுங்கள். அதே இடத்தில் காலையும் மாலையுமாக இரண்டு நாள் தடவி, மேலும் இரண்டு நாள் கவனியுங்கள். சிவந்தாலோ தடித்தாலோ அந்த எண்ணெய் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஆஸ்பத்திரியிலும் ஒவ்வாமையை முதுகில் ஒட்டுப் போட்டு, 48 மணி நேரம் கழித்து எடுத்துத்தான் பார்க்கிறார்கள். 1895-ல் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் காட்டிய வழி அது.

ஆகும் என்று தெரிந்தால், ஒரு காலில் சுத்தமான தேங்காய் எண்ணெய், மறு காலில் வாசனை சேராத வாஸலின். குளிப்பாட்டி ஈரம் ஒற்றியவுடன் மெல்லத் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். எந்தக் கால் எதற்கு என்று தாய்க்கு மட்டும் தெரியட்டும். தகப்பனுக்குச் சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், குளிப்பாட்டித் துடைத்ததும், எண்ணெய் தடவும் முன்னால் தகப்பன் வந்து பார்க்கட்டும். சிவப்பு, வறட்சி, சொறிந்த தடம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போட்டுக் காலண்டர் தாளில் எழுதட்டும். இரண்டு வாரம் கழித்து இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் எது மலிவோ அது போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வாரம் இரண்டு தடவை பிள்ளையின் காலைக் கையில் பிடித்துப் பார்க்கிற தகப்பன், அப்புறம் "உன்னாலதான் வந்துச்சு" என்று சொல்ல மாட்டார். இந்தச் சோதனையை நான் சொல்லிக் கொடுத்த வீடு ஒன்றில் அந்தத் தகப்பன் என்னிடம் சொன்னார்: "ரெண்டு வாரமா அவ கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுத்தாம்மா இருந்தா. பிள்ளை கால் ஆறிக்கிட்டுத்தான் இருந்துச்சு." அந்த வீட்டில் அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

நினைவில் வையுங்கள்

1. எண்ணெயை வெளியில் மட்டும் பூசுங்கள். குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா உண்டாக்கும்.

2. வேப்பெண்ணெயைச் சின்னக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதாக 1981-ல் மலேசிய மருத்துவர்கள் எழுதினார்கள்.

3. சீழ், காய்ச்சல், நீர் வடிதல், வேகமாகப் பரவுதல் இருந்தால் எண்ணெய்ச் சோதனை வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள்.

4. வீட்டில் பலருக்கும் ராத்திரியில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

5. உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் எதையும் பூசி மறைக்காதீர்கள். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். முழுக்கக் குணமாகும்.

6. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெயையும் சேர்த்துப் பூசலாமா என்று கேளுங்கள்.

7. ஆங்கில மருத்துவரானாலும் சித்த மருத்துவரானாலும், "இதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் பூச வேண்டும்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! அன்று அந்தப் பெண் டப்பாவை நீட்டியபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "எனக்குத் தெரியாது தாயி, டாக்டரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதுதான். இனி யாராவது உங்களிடம் ஒரு டப்பாவைக் காட்டிக் கேட்டால், நீங்களாவது அந்தப் பதிலைச் சொல்லுங்கள்.